இருசம்மாளுக்கு எத்தனை டிகிரி

கோட்டைக்குப்பத்து இருசம்மாள் பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து ஸ்வெட்டர் கேட்டபோது கத்திரி வெயில் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. கடைக்காரர் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

“ஸ்வெட்டருங்க. முழுக்கை வச்சது. காத மூடுற குல்லா இருந்தா அதுவும் ஒண்ணு.”

“ஊட்டிக்குப் போறீங்களாம்மா?”

“பழவேற்காட்டுக்கு.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. “உடம்புக்கு இன்னாமா? விடாத ஜொரமா?”

“உடம்பு நல்லாத்தான் கீது. ஆபீசுக்குப் போட்டுக்கினு போவணும்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏணி போட்டுப் பரணில் ஏறி, போன மார்கழியில் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்து, காப்பிக் கலரில் ஒன்றை எடுத்துக் கீழே போட்டார். அவள் பேரம் பேசுவதற்கு முன்பே தானாக ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். மே மாதத்தில் ஸ்வெட்டர் விற்றதே பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இருசம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் சாலையில், உலகநாதன் நடத்தும் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்புப் படித்திருந்தும் மற்ற பெண்களோடு முக்காலியில் உட்கார்ந்து, ஐஸில் கிடக்கும் இறாலுக்குத் தலை கிள்ளி ஓடு உரித்தாள். இருபது வருடம் உரித்தாள். ஐஸ் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் உரிக்கிறவர்கள் கூட்டமாக உட்காருவார்கள். பேச்சும் சிரிப்பும் சண்டையும் இருக்கும், கை ஓடிக்கொண்டே இருக்கும். குளிர் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் அவளை மேற்பார்வைக்கு மாற்றினார்கள். போன வருடம் உலகநாதன் குளிர் கிடங்கைப் பெரிதாக்கிக் கட்டியபோது அவளுக்கென்று ஒரு மேசையும் இரும்பு நாற்காலியும் தனி அறையும் கிடைத்தன. மணிக்கு ஒரு தடவை கிடங்குகளின் டிகிரியைப் பார்த்து எழுத வேண்டும். எந்தப் பெட்டி எந்த நாள் சரக்கு என்று சீட்டு ஒட்ட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு என்பதால் அந்த எழுத்துக்கு மதிப்பு அதிகம்.

அறைதான் வினை. கட்டடத்தைப் பெரிதாக்கும்போது மிச்சமான ஒரு பொந்து அது. இடப்பக்கச் சுவருக்கு அப்பால் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் உறைந்த இறால். வலப்பக்கச் சுவருக்கு அப்பால், அன்றைக்கு வந்த சரக்கை ஐஸில் வைக்கும் சில் ரூம். முன்னால் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் ஏசி போட்ட பேக்கிங் ஹால். வெயில் என்ற ஒன்று இருப்பதே உள்ளே தெரியாது. வெளியே முப்பத்தொன்பது டிகிரி கொளுத்தும்போது இருசம்மாளின் மேசையில் பதினான்கு.

இதை அவள் யாரிடமும் முறையிட முடியவில்லை. முதல் காரணம் அவள் வீட்டுக்காரர் முத்துராஜ். கடலுக்குப் போய் வந்து கரையில் வலை பிரிக்கும்போதெல்லாம், “எங்க வூட்ல அது ஏசி ரூம்ல ஒக்காந்துக்கினு எழுதுது” என்று அவர் குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இரண்டாவது காரணம் வருகிறவர்கள். மதியம் இரண்டு மணிக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு யாராவது அவள் அறைக்கு வருவார்கள். பேக்கிங் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் கீதா வருவாள், லாரி டிரைவர்கள் வருவார்கள், ஒரு முறை அவளுடைய நாத்தனாரே பஸ் பிடித்து வந்தாள். வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள்.

“ஜில்லுனு சொர்க்கமா கீதுமே. நீ இன்னா புண்ணியம் பண்ணியோ,” என்றாள் நாத்தனார்.

“எட்டு மணி நேரம் ஒக்காந்து பாரு.”

“ஒக்காருவனே. உடுவாங்களா?”

ஐந்து நிமிடத்தில் போய்விட்டாள். எல்லோருமே ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். அதனால் எல்லோருக்கும் அது சொர்க்கமாகவே இருந்தது.

ஸ்வெட்டர் வாங்கியும் பயன் அதிகமில்லை. முதுகுக்குச் சூடு வந்தது, விரலுக்கும் காலுக்கும் வரவில்லை. கையுறை போட்டால் பேனா பிடிக்க வராது. ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டாள், தரையிலிருந்து ஏறுகிற குளிர் அதையும் தாண்டி முழங்கால் வரை வந்தது. காலையில் ஷேர் ஆட்டோவில் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு போகிறவளைப் பார்த்து, மலேரியா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும்படி ஒரு அம்மாள் அறிவுரை சொன்னாள்.

முத்துராஜுக்கும் நம்பிக்கை வரவில்லை. “மார்கழி வாடைல நடுக்கடல்ல நிக்கிறோம். எங்களுக்கு இல்லாத குளிரா?” என்றார்.

அவள் வாதாடவில்லை. மறுநாள் சாப்பாட்டுக் கூடையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவர் எடுத்துக்கொண்டு வந்தார், லுங்கியும் பனியனுமாக. “சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒக்காருங்க, கூடைய எடுத்துக்கினு போவலாம்,” என்று தன் நாற்காலியைக் கொடுத்தாள். முதல் ஐந்து நிமிடம் அவர் கால் மேல் கால் போட்டு, கண்ணாடி வழியாகப் பேக்கிங் ஹாலை முதலாளி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடம் காலைக் கீழே இறக்கினார். கால் மணி நேரத்தில் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டார். இருசம்மாள் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள்.

“டீ கீ வருமா இங்க?” என்றார் முத்துராஜ்.

“இனி மூணு மணிக்குத்தான் வரும்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். கூடைக்குக் காத்திருக்காமல் எழுந்து வெளியே போனார். அவள் பாத்திரத்தைக் கழுவிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, உச்சி வெயிலில் லாரிக்குப் பக்கத்தில், சூடேறிய தகரக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“ஓனருகிட்ட சொல்லுமே,” என்றார். அன்றிலிருந்து கரையில் ஏசி ரூம் பேச்சு குறைந்துபோனது.

ஆனால் ஓனரிடம் சொல்லவேண்டிய வேளை வேறு மாதிரி வந்தது. சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் பதிவேட்டைப் பார்க்க வந்திருந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கவே மாட்டார். ஒரு வரியில் விரலை வைத்து, “இந்த நாள் மைனஸ் பதிமூணுன்னு இருக்கே,” என்றார்.

“பதினெட்டு சார்.”

“பதிமூணுதான் இருக்கு.”

எட்டுதான் எழுதியிருந்தாள். விறைத்த விரல் எட்டின் இடப்பக்கத்தை மூடாமல் விட்டுவிட்டது. பார்த்தால் மூன்று. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாள் சரக்கு நாற்பது பெட்டியையும் வெளியே எடுத்து, பிரித்து, ஒவ்வொன்றிலும் தர்மாமீட்டர் குத்திப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்ததும், மறுபடி மூடி அடுக்க வைத்துவிட்டுத்தான் போனார். மூன்று மணி நேரம். கீதாவும் பேக்கிங் ஹால் பெண்களும் இருசம்மாளைப் பார்த்த பார்வையில் ஐஸே உருகியிருக்கும்.

உலகநாதன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். வியாபாரத்தில் கெட்டிக்காரர், செலவில் அதைவிடக் கெட்டி. “எட்டு போட இன்னா கஷ்டம் இருசம்மா? இங்க பாரு,” என்று போட்டுக் காட்டுவதற்காக அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். வேட்டியின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார்.

“சேருல தண்ணி ஊத்திக்கீதா?”

“தண்ணி இல்ல சார். சேரே அப்பிடித்தான்.”

அவர் மறுபடி தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. எட்டு போடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

“சரி, சூட்டுக்கு எதுனா ஏற்பாடு பண்ணிக்க. கரண்டு பில்லு ஏறக்கூடாது. தீ கீ புடிக்கக்கூடாது. செவுத்துக்கு அந்தாண்ட கீற சரக்குல சூடு படக்கூடாது. அப்பால நீ இன்னா வேணா வச்சிக்க.”

முதல் யோசனை கேட்டில் இருந்த பெருமாளிடமிருந்து வந்தது. பெருமாள் பழவேற்காட்டு ஏரித் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்தே பாதி வயதைக் கழித்தவர். முட்டி தேய்ந்த பிறகு கேட் வேலைக்கு வந்தார். “மார்கழில தண்ணிய உட்டு ஏறுனா ஒடம்பு கட்டையாப் பூடும். கரைல ஒரு சட்டில நெருப்பு போட்டுக்கினு சுத்தி ஒக்காருவோம். அஞ்சு நிமிசத்துல ஆளு ரெடி,” என்றார். அடுத்த நாள் காலையிலேயே ஒரு மண்சட்டியில் அடுப்புக்கரியைக் கனல வைத்து எடுத்துவந்து மேசைக்கு அடியில் வைத்தார். பைசாச் செலவில்லை என்று கேட்டதும் உலகநாதன் முகம் மலர்ந்தது.

சூடு நன்றாகத்தான் இருந்தது. குளிர் உள்ளே வரக்கூடாதென்று இருசம்மாள் கதவை இறுக்கி மூடிக்கொண்டாள். பத்து மணிக்குள் விரல்கள் உயிர்பெற்று அழகழகாக எட்டு போட்டன. பத்தரைக்குத் தலை லேசாகச் சுற்றியது. வலி நெற்றியைப் பிடித்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் என்று நினைத்தாள். தூக்கம் தூக்கமாக வந்தது. இத்தனை நாள் கழித்துக் குளிர் காய்கிற சுகம் என்று அதையும் நினைத்துக்கொண்டாள்.

அன்று குளிர் கிடங்கின் கம்ப்ரஸரைப் பார்க்க மெக்கானிக் மோகன்குமார் வந்திருந்தது அவள் அதிர்ஷ்டம். சீட்டில் கையெழுத்து வாங்குவதற்காகக் கதவைத் திறந்தவன் சட்டியைப் பார்த்தான், மேசையில் தலை சாய்த்திருந்தவளைப் பார்த்தான். அவளைக் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போய் நிழலில் உட்கார வைத்தான். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, கோணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் கவிழ்த்தான்.

“யாரு வச்சது இது?”

“நாந்தாம்பா. நாங்க காலங்காலமா வச்சிக்கிறதுதான்,” என்றார் பெருமாள்.

“நீங்க வச்சது ஏரிக்கரைல. காத்து அள்ளிக்கினு பூடும். மூடுன ரூம்ல கரி எரிஞ்சா ஒரு விஷக்காத்து வரும், பெருமாளண்ணே. அதுக்கு வாசனையும் கெடயாது, பொகையும் தெரியாது. தூக்கம் வர்ற மாரி இருக்கும். அப்பிடியே தூங்கிட்டா முடிஞ்சுது.”

பெருமாள் இருசம்மாளின் அருகில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “இன்னாமா, நானே உன்ன...” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினார். தலை தெளியத் தெளிய அவரைத் தேற்றுவது இருசம்மாளின் வேலையாயிற்று. ஒரு சோடா அவளுக்கு வாங்கினார்கள். அதில் பாதியைப் பெருமாள் குடித்தார். அவளை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, ஒன்றுமில்லை என்று கேட்ட பிறகுதான் அவர் கேட்டுக்குத் திரும்பினார்.

அடுத்ததை உலகநாதனே வாங்கி வந்தார். கரிச்சட்டி விஷயத்தில் பயந்துபோயிருந்ததால் தாமதிக்கவில்லை. பொன்னேரியில் ஒரு மின்சாரக் கடையில், காற்றைச் சூடாக்கி ஊதுகிற சின்ன ஹீட்டர் ஒன்று இருந்தது. கடைக்காரர் மேலிருந்த தூசியை ஊதிவிட்டு, “கோழிக்குஞ்சுக்கா சார்?” என்று கேட்டாராம். தொள்ளாயிரம் ரூபாய்தான். அதைவிட மலிவாக எதுவுமில்லை என்று உலகநாதன் இரண்டு முறை சொன்னார்.

மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்த ப்ளக்கில் ஏற்கெனவே கம்ப்யூட்டரும் சீட்டு அடிக்கும் மெஷினும் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கியது. ஹீட்டரையும் அதிலேயே செருகினார்கள். காலில் வெந்நீர் ஊற்றினாற்போல் சூடான காற்று வந்தது. கீதா எட்டிப் பார்த்துவிட்டு, “உனக்கு வந்த வாழ்வு,” என்றாள்.

முக்கால் மணி நேரம். பிறகு ரப்பர் தீய்ந்த நாற்றம். இருசம்மாள் திரும்பிப் பார்த்தபோது எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒரு மூலை வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இளகி வளைந்திருந்தது. அவள் பாய்ந்து சுவர் ஸ்விட்சை அணைப்பதற்கும் பாதிக் கட்டடம் இருட்டாவதற்கும் சரியாக இருந்தது. பேக்கிங் ஹாலிலிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது.

அந்த இருட்டில்தான் அவள் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். சுவரோரம் இருந்த இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வழிந்து, தரையில் ஓடி, அவள் பூட்ஸைச் சுற்றிக் குளமாக நின்றது. மேலே கூரை மூலையிலிருந்தும் சொட்டியது. பதிவேட்டின் மேல் ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டு அவள் வெளியே வந்தாள்.

மறுபடி மோகன்குமார் வந்தான். உருகிய பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரெண்டாயிரம் வாட்ஸ் ஹீட்டரு சார் இது. இந்தப் பாக்ஸு அதுல பாதிகூடத் தாங்காது. இன்னும் பத்து நிமிசம் உட்டிருந்தா அந்த அட்டைப்பெட்டிங்கதான் மொதல்ல புடிச்சிருக்கும். இந்த மாரி ஐட்டத்த எப்பவும் செவுத்துல கீற பெரிய ப்ளக்ல தனியா போடணும்.”

“போட்டா சரியாப் பூடுமா?” என்றார் உலகநாதன்.

“பூடும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு யூனிட் ஓடும்.”

உலகநாதன் ஹீட்டரைப் பார்த்த பார்வை மாறியது.

“அது இருக்கட்டும் சார். இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, வேறு கம்பெனியில் அவசரமென்று மோகன்குமார் கிளம்பிவிட்டான். “நாளானைக்கு வந்து பாக்குறேன்.”

அந்தக் கேள்வி இருசம்மாளை விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். மழை இல்லை, அறையில் குழாய் இல்லை. சூடு வந்த முக்கால் மணி நேரத்தில் இவ்வளவு தண்ணீர் என்றால் ஏற்கெனவே எங்கோ ஐஸாக இருந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் ஐஸோடு இருந்தவளுக்கு அதற்கு மெக்கானிக் தேவைப்படவில்லை.

மறுநாள் இறாலில் குத்திப் பார்க்கும் தர்மாமீட்டரை எடுத்தாள். கிடங்குகளுக்கு எழுதுகிற அதே படிவத்தில் புதிதாக ஒரு தாள் எடுத்துக்கொண்டாள். கதவோரம் பிடித்துப் பார்த்தாள், மேசை மேல் பார்த்தாள், தரையில் பார்த்தாள், நான்கு மூலையிலும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தன் கையையும் பார்த்தாள். மணிக்கு ஒரு தடவையாக இரண்டு நாள் எழுதினாள். ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த கீதா, கரிப்புகை மூளையில் ஏதும் செய்துவிட்டதா என்று பெருமாளிடம் விசாரிக்க, பெருமாள் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தாளை உலகநாதனின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பொருள் என்ற இடத்தில் ‘இருசம்மாள்’ என்று எழுதியிருந்தது. சேமிக்கும் இடம்: ஆபீஸ். இருக்கவேண்டிய டிகிரி என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். கீழே மணிவாரியாகக் கணக்கு. மேசை 14. கால் 11. விரல் 19. எடுத்த நடவடிக்கை: டீ. அடுத்த மணி, மேசை 14, கால் 11, விரல் 18. எடுத்த நடவடிக்கை: டீ. அதற்கடுத்தது, வெளியே போய் வெயிலில் நின்றது. அதற்கடுத்தது மறுபடி டீ.

“இன்னா இருசம்மா இது?”

“எறாலுக்கு எழுதுறதுதான் சார். ரெண்டு டிகிரி முன்னபின்ன ஆனா அதுக்கு ஓடி வந்து பாக்குறீங்க. அதான் எனக்கும் ஒரு ரெண்டு நாளு எழுதிப் பாத்தேன்.”

உலகநாதன் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். அவர் முகத்தில் சிரிப்பு வருமா கோபம் வருமா என்று தெரியாமல் அவள் நின்றாள்.

“கடைசி வரியப் பாருங்க சார்,” என்றாள்.

கடைசி வரி: அலமாரிக்குப் பின் மூலை, 4.

“மத்த எடமெல்லாம் பதினாலு, பதினஞ்சு. அந்த ஒரு மூல மட்டும் நாலு. கிடங்கு குளிரு அங்கேர்ந்துதான் வருது.”

மோகன்குமார் வந்ததும் நான்கு பேராகப் பிடித்து அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால், இரண்டு சுவர்த் தகடுகள் சேருகிற இடத்தில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. கட்டியவர்கள் அடைக்காமல் விட்டு, அலமாரியைப் போட்டு மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விளிம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி, ஹீட்டர் உருக்கியது போக மிச்சம். முன்னால் நின்றவர்கள் முகத்தில் கிடங்குக் காற்று குப்பென்று அடித்தது.

மோகன்குமார் சிரித்துவிட்டான். “கம்ப்ரஸர் நிக்காமலே ஓடுது, நிக்காமலே ஓடுதுன்னு ஒரு வருசமா என்ன இஸ்துக்கினு கீறீங்களே சார். இதான்.”

உலகநாதன் அந்த ஓட்டைக்கு எதிரே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர் காற்று அவர் விரல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. “ஒரு வருசமா,” என்றார் மெதுவாக, “உன்ன வெறைக்க வைக்கிறதுக்கு நான் துட்டு கட்டிக்கினு இருந்துக்கீறேன், இருசம்மா.”

ஓட்டையை, காற்றில் இறுகிப்போகிற நுரை அடித்து அடைத்தார்கள். கிடங்கு கட்டியதில் மிஞ்சிய, குளிரைத் தடுக்கும் தகடுகள் ஷெட்டில் கிடந்தன. அவற்றை எடுத்து இடப்பக்கச் சுவர் முழுக்க இரண்டாவது அடுக்காக அடித்தார்கள். செலவு மிச்சம் பிடிக்கலாமென்று மீன் பெட்டித் தெர்மாகோலை ஒட்டச் சொன்னார் உலகநாதன். அது சட்டென்று தீப்பிடிக்கும் என்று மோகன்குமார் மறுத்துவிட்டான். காலுக்கு மரச்சட்டத்தில் ஒரு பலகையும் அதன்மேல் ரப்பர் விரிப்பும் போட்டார்கள். இரும்பு நாற்காலி போய், பெருமாள் எங்கிருந்தோ தேடி எடுத்து வந்த மர நாற்காலி வந்தது. இரண்டு நாளில் மேசை மேல் பத்தொன்பது டிகிரி. ஒரு ஹீட்டரும் இல்லாமல்.

விரலுக்கு அது போதவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆனால் இம்முறை இருசம்மாள் தானே பார்த்து வாங்குவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முத்துராஜை வண்டி ஓட்டச் சொல்லிப் பொன்னேரிக் கடைக்குப் போனாள். சிவக்கக் கனலும் கம்பி வைத்த ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். சுற்றிலும் அட்டையும் பிளாஸ்டிக்கும் இருக்கிற அறைக்கு அது ஆகாது என்று நகர்ந்தாள். எண்ணெய் அடைத்த, இரும்புப் பட்டைகள் வைத்த பெரியது ஒன்று இருந்தது. நெருப்பு பயமில்லை, ஆனால் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும், அறை முழுக்கச் சூடாகும். அறை சூடானால் சுவருக்கு அப்பால் இருக்கும் கிடங்கைக் குளிரவைக்கிற கம்ப்ரஸருக்குத்தான் கூடுதல் வேலை.

“இத்தினி பாக்குறியே, ரூம்பு சூடாவ வேணாமா?” என்றார் முத்துராஜ்.

“ரூம்புக்கு இன்னாத்துக்கு? குளிர்றது எனக்குத்தான.”

அங்கே கிடைக்காததை மோகன்குமார் போனில் தேடிக் கொடுத்தான். மேசைக்கு அடியில், கால் படுகிற உயரத்தில் திருகி மாட்டுகிற தட்டையான பலகை. கை வைத்தால் சுடாது, கதகதவென்று இருக்கும். குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் தானாக அணையும். நூற்றைம்பது வாட்ஸ். இருசம்மாள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு உலகநாதனிடம் கொண்டுபோனாள். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவர் வாங்கியது எட்டு மணி நேரத்துக்கு நூற்றறுபது ரூபாய் தின்னும், இது பன்னிரண்டு ரூபாய்.

“வெல இன்னா?”

“ரெண்டாயிரத்தி எட்நூறு.”

“அது தொள்ளாயிரந்தானே.”

“வாங்குறப்ப சார்.”

அவர் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். கணக்கு மாறவில்லை. வாங்கித் தந்தார்.

தரை அடிக்கடி ஈரமாகும் என்பதால் கீழே எதையும் வைக்காமல் மேசையின் உட்புறத்திலேயே மாட்டினார்கள். சுவரில் தனி ப்ளக், மின்கசிவு வந்தால் உடனே அணைகிற ஸ்விட்சோடு. முதல் நாள் காலை பத்து மணிக்கு இருசம்மாள் பதிவேட்டில் எட்டு போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலேயே ஒரு துண்டுக் காகிதத்தில், தேவையில்லாமல், இன்னும் நாலைந்து எட்டு போட்டாள்.

கம்ப்ரஸர் இப்போது நடுநடுவே நின்று ஓய்வெடுத்தது. முதலில் அந்த அமைதியைக் கேட்டு எல்லோரும் பதறிப்போய்ப் பார்க்க ஓடினார்கள். அந்த மாத மின்சார பில் வந்தபோது உலகநாதன் யாரிடமும் தொகையைச் சொல்லவில்லை, கேட்டில் நின்று பெருமாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

இந்தக் கதை எப்படியோ பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கணக்கெழுதும் கேசவன் இரண்டு வருடமாகக் குளிரில் மூக்கொழுகிக்கொண்டிருப்பவர். ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பினார். “அக்கா ஒரு தபா வந்து ரூம்ப பாத்துட்டுப் போவணும்.” இருசம்மாளுக்கு உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் தர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, முத்துராஜின் வண்டியில் போய் இறங்கினாள். போகும்போதே, “எங்க வூட்ல அது குளிரு பாக்குற டாக்டரு,” என்று வழியில் இரண்டு பேரிடம் அவர் சொல்லிவிட்டார்.

கேசவன் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். துடைத்து வைத்த நாற்காலி, தட்டில் பிஸ்கட், எல்லாம் தயாராக இருந்தது. “ஒக்காருங்கக்கா. மொதல்ல டீ சாப்புடுங்க. அப்பால டிகிரி பாக்கலாம்.”

இருசம்மாள் உட்காரவில்லை. குனிந்து அவர் மேசைக்கு அடியில் பார்த்தாள். பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றின் மேல், கம்பி சிவக்கக் கனன்றுகொண்டு ஒரு ஹீட்டர் உட்கார்ந்திருந்தது. அதன் ஒயர் நான்கு தலை வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போனது. பாக்ஸைச் சுற்றி ஈரத்துணி ஒன்று காயப்போட்டிருந்தது.

அவள் சுவரோரம் நடந்துபோய் ஸ்விட்சை அணைத்தாள். ப்ளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டிக் கேசவன் கையில் கொடுத்தாள்.

“இன்னிக்கு ஒரு நாளு குளிரட்டும்,” என்றாள். “இப்ப டீ குடுங்க.”